கேட்டதும் அறிந்ததும்

நுழையும்முன்

நூலுக்கு மதிப்புரை எழுதுவோர் உண்டு. திரைப்படத்துக்கு எழுதுவோரும் உண்டு. இசைப்பதிவுக்கு மதிப்புரை எழுதுவது எவ்வாறு? நூறு ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட ஒரே இசையைப் பல குழுக்கள் மீண்டும் மீண்டும் பதிவு செய்கின்றன. அவற்றுள் எது சிறந்தது, ஏன் சிறந்தது என்று கூறும் திறனாய்வாளர் எதைக் கேட்கிறார்? தாம் கேட்டதையும் தாம் முன்பே அறிந்திருந்ததையும் அவர் எப்படிப் பிரித்துணர்கிறார்? வியன்னா நகரில் பதிவான ஒரு சிம்பொனியின் வழியே இவற்றை அறிவோம்.

வியன்னாவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

1938ஆம் ஆண்டு ஜனவரி 16, ஞாயிற்றுக்கிழமை. ஆஸ்திரியத் தலைநகரான வியன்னாவின் மியூசிக்ஃபெரைன் அரங்கில் வியன்னா ஃபில்ஹார்மானிக் இசைக்குழு அமர்ந்திருந்தது. குழுவை நடத்தியவர் புரூனோ வால்டர். இசைக்கப்பட்டது குஸ்தாவ் மாலரின் ஒன்பதாம் சிம்பொனி. மாலர் 1911ஆம் ஆண்டு மே மாதத்தில் காலமானார். தாம் எழுதிய இந்தச் சிம்பொனியை அவர் ஒருமுறைகூட அரங்கில் கேட்டதில்லை. மறு ஆண்டு ஜூன் மாதத்தில் அதை முதன்முதலில் அரங்கேற்றியவர் மாலரின் இளைய நண்பரான வால்டரே. அப்போதும் இதே நகரம், இதே குழு.

இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து அதே படைப்பை அவர் மீண்டும் நடத்திய இந்த நாளில், அரங்கில் ஒலிவாங்கிகளும் பொருத்தப்பட்டிருந்தன. மாலரின் ஒன்பதாம் சிம்பொனி இசைத்தட்டில் பதிவானது அதுவே முதன்முறை.

எட்டு வாரங்களுக்குள் ஆஸ்திரியாவின் நிலை தலைகீழாயிற்று. மார்ச் 12 அன்று ஹிட்லரின் படைகள் நாட்டுக்குள் நுழைந்தன. யூதரான வால்டர் ஏற்கெனவே 1933இல் ஜெர்மனியைவிட்டு வெளியேற நேர்ந்தவர். இப்போது ஆஸ்திரியாவும் அவருக்கு இல்லை என்றாயிற்று. யூதக் குடும்பத்தில் பிறந்தவர் என்பதால் மாலரின் இசை தடை செய்யப்பட்டது. குழுவின் யூதக் கலைஞர்கள் நீக்கப்பட்டனர். அவர்களுள் சிலர் நாடு கடந்து தப்பினர். சிலர் வதைமுகாம்களில் மாண்டனர். 1881 முதல் குழுவின் முதன்மை வயலின் கலைஞராக விளங்கியவரும் மாலரின் தங்கையை மணந்தவருமான அர்னால்ட் ரோசே, முதுமையில் இலண்டனில் அடைக்கலம் புகுந்தார். அவருடைய மகள் அல்மா 1944இல் ஆஷ்விட்ஸ் முகாமில் உயிரிழந்தார்.

இந்த வரலாற்றை அறிந்த பின் அந்தப் பதிவைக் கேட்பவரின் மனம் கனக்காமல் இராது. திறனாய்வாளரின் கடினமான பணி தொடங்குவதும் இங்கேதான். அவர் கேட்பது இசையிலுள்ள துயரத்தையா, இசையைப் பற்றித் தாம் அறிந்திருக்கும் துயரத்தையா?

ஏடு ஒன்று, இசை பல

சிம்பொனி என்பது பெரிய இசைக்குழுவுக்காக எழுதப்படும் நெடிய படைப்பு. அது பெரும்பாலும் நான்கு பகுதிகளைக் கொண்டிருக்கும். நரம்புக் கருவிகள், துளைக் கருவிகள், கொட்டுக் கருவிகள் ஆகிய ஒவ்வொன்றும் எந்த இடத்தில் எந்தச் சுரத்தை எழுப்ப வேண்டும் என்பதை இசையமைப்பாளர் இசைக்குறிப்பேட்டில் எழுதிவிடுகிறார். அவ்வாறெனில் எல்லாப் பதிவுகளும் ஒன்றுபோல் இருக்க வேண்டுமல்லவா? அப்படி இருப்பதில்லை.

ஏட்டில் ‘மெதுவாக’ என்று இருக்கும். எவ்வளவு மெதுவாக என்பதை நடத்துநர் முடிவு செய்கிறார். ‘மென்மையாக’ என்று இருக்கும். அம்மென்மையில் எந்தக் கருவி மேலெழுந்து ஒலிக்க வேண்டும் என்பதையும் அவரே தீர்மானிக்கிறார். ஓர் இசைத்தொடருக்கும் அடுத்த தொடருக்கும் இடையே எவ்வளவு மூச்சு விடுவது, உச்சத்தை நோக்கி எங்கிருந்து ஏறத் தொடங்குவது என்பனவும் அவர் கையில் உள்ளன. ஒரே நாடகப் பிரதியை இரு நடிகர்கள் பேசிக் காட்டும்போது சொற்கள் மாறா, பொருள் மாறும். இசைப்பதிவுகளை ஒப்பிடுவோர் தேடுவது அந்தப் பொருள் வேறுபாட்டையே.

ஆகவே இத்துறையின் திறனாய்வு, இயல்பாகவே ஒப்பீட்டுத் திறனாய்வாக அமைகிறது. புதிய பதிவு ஒன்று வந்தால், “இது நன்றாக இருக்கிறது” என்பதோடு மதிப்புரை நிறைவு பெறாது. முன்னரே உள்ளவற்றில் இல்லாத எதை இது தருகிறது என்ற வினாவுக்கும் அது விடை கூற வேண்டும். 1923இல் இங்கிலாந்தில் எழுத்தாளர் காம்ப்டன் மெக்கன்சி ‘கிராமபோன்’ என்னும் இதழைத் தொடங்கினார். இசைத்தட்டு மதிப்புரையை ஒரு தனித்துறையாக வளர்த்ததில் அவ்விதழுக்குப் பெரும்பங்கு உண்டு.

ஒலியைச் சிறைப்பிடித்த கருவிகள்

பழைய பதிவை மதிப்பிட, அது எவ்வாறு பதிவானது என்பதை அறிந்திருத்தல் வேண்டும். 1925ஆம் ஆண்டுக்கு முன் ஒலிவாங்கியின் துணை இல்லை. கலைஞர்கள் ஒரு பெரிய கூம்புக் குழலின் முன் நெருக்கியடித்து அமர்ந்து இசைப்பர். குழலுக்குள் புகும் ஒலியதிர்வு ஓர் ஊசியை அசைக்கும். ஊசி மெழுகுத்தட்டில் கோடு கீறும். தாழ்ந்த சுரங்களையும் மிக உயர்ந்த சுரங்களையும் அக்குழல் சரிவரப் பற்றாது. எனவே வயலின்களின் எண்ணிக்கையைக் குறைப்பதும், ஆழ்ந்த குரலுடைய நரம்புக் கருவிகளுக்கு மாற்றாகப் பித்தளைத் துளைக் கருவிகளை அமர்த்துவதும் வழக்கமாயின. 1913இல் ஆர்தர் நிகிஷ் பெர்லின் ஃபில்ஹார்மானிக் குழுவைக் கொண்டு பதிவு செய்த பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனி இக்காலத்தைச் சார்ந்தது. முழுச் சிம்பொனியையும் தந்த மிகப் பழைய பதிவுகளுள் அதுவும் ஒன்று.

1925இல் மின்வழி ஒலிப்பதிவு வந்தது. ஒலிவாங்கிகள் அரங்கின் ஒலியை விரிவாகப் பற்றின. எனினும் இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் நான்கு நிமிடங்களுக்குச் சற்று மிகையாக மட்டுமே பதிய முடிந்தது. வால்டரின் பதிவு 10 தட்டுகளில், 20 பக்கங்களில் வெளிவந்ததற்கு இதுவே காரணம். இரண்டாம் உலகப்போருக்குப் பின் ஒலிநாடா பரவியது; அதை வெட்டவும் ஒட்டவும் முடிந்தது. 1950களின் இறுதியில் இடம், வலம் என இசையைப் பிரித்துக் காட்டும் ஸ்டீரியோ தட்டுகளும், 1980களில் எண்மக் குறுந்தகடும் விற்பனைக்கு வந்தன.

ஒவ்வொரு பதிவும் அதன் காலத்துக் கருவியின் எல்லைக்கு உட்பட்டது. கருவியின் குறையைக் கலைஞரின் குறையாகக் கருதுவது, மங்கிய ஒளிப்படத்தைப் பார்த்துவிட்டு, படத்தில் உள்ளவருக்கு முகக்களை இல்லை என்பதைப் போன்றது.

> தெரிந்து தெளிவோம்
> 1938ஆம் ஆண்டின் வியன்னா ஒலிப்பதிவை முன்னின்று நிகழ்த்தியவர் ஃபிரெட் கெய்ஸ்பர்க். இசைத்தட்டுத் தொழிலின் முன்னோடிகளுள் ஒருவரான இவர், 1902இல் கொல்கத்தாவுக்கு வந்து கௌஹர் ஜானின் பாடல்களைப் பதிவு செய்தார். இந்தியாவில் நிகழ்ந்த தொடக்ககால வணிக ஒலிப்பதிவுகள் அவை.

பழைய பதிவு: இரண்டு மதிப்பீடுகள்

பழைய பதிவு ஒன்று இன்று குறுந்தகடாகவோ இணையவழியிலோ வெளிவரும்போது அதில் இருவரின் உழைப்பு கலந்திருக்கிறது. ஒருவர் அன்று இசைத்தவர். மற்றவர் இன்று அதை மீட்டெடுத்த ஒலிப்பொறியாளர். திறனாய்வாளர் இருவரையும் தனித்தனியே மதிப்பிடுதல் வேண்டும்.

மீட்டெடுத்தலில் முதற்சிக்கல் வேகம். பழைய தட்டுகள் நிமிடத்துக்கு 78 சுற்று சுழல்பவை எனப்பட்டாலும், பதிவின்போது அவ்வேகம் சிறிது கூடியோ குறைந்தோ இருந்திருக்கலாம். சுழற்சி 6 விழுக்காடு கூடினால் இசை முழுவதும் ஏறத்தாழ அரைச்சுரம் உயர்ந்துவிடும். இசைக்கும் நேரமும் குறையும். பொறியாளர் இதைச் சரிசெய்யாவிடில், நடத்துநர் விரைந்து சென்றார் என்ற தவறான முடிவுக்குத் திறனாய்வாளர் வந்துவிடக்கூடும்.

இரண்டாவது சிக்கல் இரைச்சல். தட்டின்மேல் ஊசி உராயும் ஓசையைக் கணினியால் பெரிதும் நீக்கிவிடலாம். ஆனால் அவ்வோசை இருக்கும் அதே உயர் அலைவரிசையில்தான் வயலினின் மினுமினுப்பும் அரங்கின் காற்றோட்டமும் இருக்கின்றன. களையை முற்றும் அகற்றப் புகுந்தவர் பயிரையும் சேர்த்துப் பிடுங்கிவிடுவதுண்டு. இரைச்சல் சிறிது இருந்தாலும் உயிர்ப்புள்ள மீட்டெடுப்பே மேலானது என அனுபவமிக்க கேட்போர் பலர் கருதுகின்றனர். ஒரே பழைய பதிவின் வெவ்வேறு மீட்டெடுப்புகளைத் திறனாய்வாளர்கள் ஒப்பிட்டு எழுதுவது, சுவடிகளை ஒப்பிட்டுப் பாடவேறுபாடு காணும் பதிப்பாசிரியரின் பணியை ஒத்தது.

ஒரு நடத்துநர், இரு பதிவுகள்

இனி, வால்டரின் பதிவைக் கேட்போம். அரங்கினரின் இருமல் ஒலி முதலிலேயே காதில் படுகிறது. இது நேரடிக் கச்சேரி; பிழை நேர்ந்தால் திருத்தி இசைக்க இயலாது. சில இடங்களில் கருவிகள் ஒன்றோடொன்று சற்றே இசையாமல் தடுமாறுகின்றன. வயலின் கலைஞர்கள் ஒரு சுரத்திலிருந்து மறு சுரத்துக்கு விரலை வழுக்கிச் செல்கின்றனர். நம் இசையின் கமகங்களில் பழகிய செவிக்கு இது புதிதன்று. ஆனால் மேலைச் சேர்ந்திசையில் அக்காலத்தில் இயல்பாயிருந்த அந்த வழக்கம் பின்னர் அருகிப்போயிற்று. ஆகவே இப்பதிவு, மறைந்துபோன ஓர் இசைக்கும் முறையின் சான்றாகவும் திகழ்கிறது.

அடுத்து வேகம். சிம்பொனி முழுவதும் ஏறத்தாழ 70 நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. மெதுவாக அமைய வேண்டிய இறுதிப்பகுதி ஏறத்தாழ 18 நிமிடங்களே எடுத்துக்கொள்கிறது. இதே பகுதிக்கு, 1985இல் ஆம்ஸ்டர்டாமின் கான்செர்ட்கெபோ குழுவுடன் பதிவு செய்த லெனார்ட் பெர்ன்ஸ்டைன் ஏறத்தாழ 30 நிமிடங்கள் எடுத்துக்கொண்டார்.

இங்கே நாம் சற்று நிற்க வேண்டும். அழியப்போகும் ஓர் உலகின் விடைபெறுதல் என்று போற்றப்படும் பதிவு இது. கதையை மட்டும் அறிந்தவர் இதில் தோய்ந்து தயங்கி அழும் இசையை எதிர்பார்ப்பார். செவியில் விழுவதோ நில்லாமல் முன்னேகும் இசை. எங்கும் தேங்காத, இறுக்கமான இசை.

இதற்குக் காரணம் என்ன? தட்டின் பக்கம் குறுகியது என்பதால் விரைந்தனர் என ஒருவர் கூறலாம். அது பொருந்தாது. நேரடிக் கச்சேரியைப் பதிவு செய்கையில் ஒரு கருவியின் தட்டு நிறையும் முன்பே மற்றொரு கருவி இயங்கத் தொடங்கும். நடத்துநர் தட்டுக்காக விரைய வேண்டியதில்லை. அன்றைய அரசியல் சூழலின் பதற்றமே இசையில் ஏறியது என்று மற்றொருவர் கூறலாம். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் ஒலியை மட்டும் சான்றாகக் கொண்டு அதை மெய்ப்பிக்க இயலாது.

ஒப்பிட்டுப் பார்க்க நமக்கு வேறொரு பதிவு கிடைத்திருக்கிறது. 1961ஆம் ஆண்டின் தொடக்கத்தில், 84 வயது நிறைந்த வால்டர், அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் இதே சிம்பொனியைக் கொலம்பியா சிம்பொனி குழுவைக் கொண்டு ஸ்டீரியோவில் பதிவு செய்தார். மறு ஆண்டு பிப்ரவரியில் அவர் மறைந்தார். இப்பதிவு முழுவதும் ஏறத்தாழ 81 நிமிடங்கள் ஒலிக்கிறது. இறுதிப்பகுதி ஏறத்தாழ 21 நிமிடங்கள். முன்னைய பதிவில் கலங்கி ஒலித்த உள்குரல்கள் இதில் தெளிவாகக் கேட்கின்றன. இருமல் இல்லை, தடுமாற்றம் குறைவு, அமைதி மிகுதி.

எது சிறந்தது? 1938ஆம் ஆண்டுப் பதிவில் உந்துவிசையும் இடர் நிறைந்த துணிவும் மிகுதி, ஒலித்தெளிவு குறைவு. 1961ஆம் ஆண்டுப் பதிவில் நிதானமும் தெளிவும் மிகுதி. முன்னையதன் இறுக்கம் இல்லை. இவ்வாறு சான்றுடன் கூறுவதே திறனாய்வு. இரண்டுக்கும் இடையே வயது, குழு, இடம், கருவி, காலம் ஆகிய அனைத்தும் மாறியுள்ளன. அவற்றுள் ஒன்றைமட்டும் பிடித்துக்கொண்டு, “இதுவே காரணம்” என அறுதியிடுவது நேர்மையாகாது.

கதை கேட்கும் செவி

அறிந்த கதை செவியை எவ்வளவு தூரம் ஏமாற்றும் என்பதற்கு அண்மைக் கால நிகழ்வு ஒன்று சான்று. இங்கிலாந்தைச் சேர்ந்த பியானோ கலைஞர் ஜாய்ஸ் ஹாட்டோவின் பெயரில் நூற்றுக்கும் மேற்பட்ட குறுந்தகடுகள் வெளிவந்தன. நோயுற்று மேடையைவிட்டு விலகிய ஒருவர் முதுமையில் இத்தனை கடினமான படைப்புகளை வாசித்தார் என்ற செய்தி கேட்டோரை நெகிழ வைத்தது. மதிப்புரையாளர் பலர் பாராட்டினர். சில குறுந்தகடுகளில் இசைக்குழுவை நடத்தியவராக ரெனே கோலர் என்ற பெயர் அச்சிடப்பட்டிருந்தது. நாசிக் கொடுமையில் தப்பியவர் என அவருக்கு ஒரு வாழ்க்கை வரலாறும் கூறப்பட்டது.

ஹாட்டோ 2006இல் இறந்தார். 2007ஆம் ஆண்டு பிப்ரவரியில் உண்மை வெளிப்பட்டது. அவர் பெயரிலான குறுந்தகடு ஒன்றைக் கணினியில் இட்டபோது, அது வேறொரு கலைஞரின் பதிவு எனக் கணினியின் தரவுத்தளம் காட்டியது. ஒலியலைகளை ஆராய்ந்தபோது, பிறர் பதிவுகள் எடுத்தாளப்பட்டமை உறுதியாயிற்று. குறுந்தகடுகளை வெளியிட்ட அவருடைய கணவரே பின்னர் அதை ஒப்புக்கொண்டார். ரெனே கோலர் என்றொரு நடத்துநர் இருந்ததே இல்லை.

பாராட்டியவர்கள் செவி இல்லாதவர்கள் அல்லர். அந்தப் பதிவுகள் உண்மையிலேயே நல்ல கலைஞர்களுடையவை. ஆயினும், கதை தெரியாதிருந்தால் அதே சொற்களில் பாராட்டியிருப்பார்களா என்னும் வினா எஞ்சி நிற்கிறது. சொல்பவர் யாராயினும் சொல்லப்பட்டதன் மெய்ம்மையைக் காண்பதே அறிவு என வள்ளுவர் அறிவுடைமை அதிகாரத்தில் வகுத்த நெறி, இசை கேட்போருக்கும் பொருந்தும்.

புதிய பதிவு: கேட்க வேண்டியவை

புதிய பதிவுக்கும் தனக்கே உரிய மயக்கங்கள் உண்டு. இன்றைய ஒலி மாசற்றது. மாசின்மையையே சிறப்பு என எண்ணிவிடுதல் எளிது. ‘நேரடிப் பதிவு’ என உறையில் அச்சிடப்பட்டிருந்தாலும், அடுத்தடுத்த நாள்களின் கச்சேரிகளிலிருந்து நல்ல பகுதிகளைத் தேர்ந்து இணைத்ததாக அது இருக்கலாம். அது குற்றமன்று, ஆனால் ஒரே மூச்சில் நிகழ்ந்த 1938ஆம் ஆண்டுக் கச்சேரியோடு பிழைகளின் எண்ணிக்கையை வைத்து அதை ஒப்பிடுவது முறையாகாது.

எனவே புதிய பதிவைக் கேட்கையில் சில வினாக்கள் உதவும். அரங்கின் ஒலி இயல்பாக உள்ளதா, ஒவ்வொரு கருவியும் காதருகே கொண்டுவந்து வைக்கப்பட்டதுபோல் உள்ளதா? ஏட்டில் மென்மை என்ற இடத்தில் உண்மையிலேயே மென்மை கேட்கிறதா? நடத்துநரின் வேகம் தொடக்கம் முதல் இறுதிவரை ஒரு நோக்கத்தோடு செல்கிறதா, இடத்துக்கு இடம் அழகு காட்டி நிற்கிறதா? மாலரின் ஒன்பதாம் சிம்பொனியில், ஒலி தேய்ந்து தேய்ந்து அடங்கும் இறுதிப் பக்கம் இதற்கு நல்ல உரைகல். பழைய பதிவில் அந்த மெல்லொலியைத் தட்டின் இரைச்சல் மறைக்கப் பார்க்கிறது. புதிய பதிவுக்கு அத்தடை இல்லை. அந்த அமைதியை அது எவ்வாறு பயன்படுத்துகிறது என்பதே கேள்வி.

கலைஞருக்குச் செய்யும் மரியாதை

அப்படியானால் திறனாய்வாளர் வரலாற்றை மறந்துவிட வேண்டுமா? வேண்டியதில்லை. 1938ஆம் ஆண்டுப் பதிவின் வரலாற்றைக் கூறாத மதிப்புரை குறையுடையதே. வரலாற்றுக்கும் ஒலிக்கும் மதிப்புரையில் தனித்தனி இடம் வேண்டும் என்பதே இங்கு வற்புறுத்தப்படுகிறது. முதலில் இசைக்குறிப்பேட்டை அருகில் வைத்துக் கேட்க வேண்டும். கேட்டதைக் கேட்டபடி எழுத வேண்டும். அதன் பின்னர் வரலாற்றை எழுதலாம். இரண்டையும் இணைத்து ஓர் ஊகம் சொல்ல விரும்பினால், அது ஊகம் என்று வெளிப்படையாகக் கூறிவிட வேண்டும்.

இது வெறும் எழுத்து முறை பற்றிய செய்தி அன்று. அந்த ஞாயிற்றுக்கிழமை மேடையில் அமர்ந்திருந்த கலைஞர்களுக்குத் தங்கள் எதிர்காலம் தெரியாது. அவர்கள் நமக்காகத் துயரத்தை நடித்துக் காட்டவில்லை. கடினமான ஒரு சிம்பொனியை இசைத்தார்கள். எங்கோ பிசகினார்கள், எங்கோ ஒன்றாக எழுந்தார்கள். பின்னர் நேர்ந்த கொடுமையை அவர்களுடைய ஒவ்வொரு சுரத்திலும் ஏற்றிக் கேட்டால், அவர்கள் உண்மையில் வாசித்தது நம் செவிக்கு எட்டாமலே போய்விடும். அவர்களின் வாழ்வைப் பறித்தவர்கள் அவர்களின் இசையையும் தடை செய்தார்கள். எஞ்சியிருப்பது 20 தட்டுப்பக்கங்களில் பதிந்த ஒலி. அதை உள்ளபடியே கேட்பதுதான் அவர்களுக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை.

கற்பவை கற்றபின்

1. நீங்கள் விரும்பும் ஒரு பாடல் அல்லது கீர்த்தனையின் பழைய பதிவு ஒன்றையும் புதிய பதிவு ஒன்றையும் கேட்டு, வேகம், குரல் அல்லது கருவியின் இயல்பு, ஒலித்தெளிவு ஆகியவற்றை ஒப்பிட்டு ஒரு பக்க மதிப்புரை எழுதுக.

2. கலைஞரின் பெயரைக் கூறாமல் ஓர் இசைப்பதிவை வகுப்பில் ஒலிக்கச் செய்து, மாணவர்களின் கருத்துகளைத் தொகுக்க. பின்னர்ப் பெயரைக் கூறி, கருத்துகள் மாறுகின்றனவா எனக் கலந்துரையாடுக.

3. ‘பழைய பதிவின் இரைச்சலை முற்றிலும் நீக்குவது முறையா?’ என்னும் தலைப்பில் சொற்போர் நிகழ்த்துக.

4. கேட்டதையும் அறிந்ததையும் பிரித்துணர வேண்டும் என்னும் கருத்து, நூல் மதிப்புரைக்கும் செய்தி வாசிப்புக்கும் எவ்வாறு பொருந்தும் என்பதை எடுத்துக்காட்டுடன் விளக்குக.